இணையமில்லாப் பயணத்தில் திரைப்படம்: புறப்படும் முன் அறிய வேண்டியவை

சென்னையிலிருந்து புதுதில்லிக்குச் செல்லும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர் தொலைவை 33 மணி நேர அளவில் கடக்கிறது. திப்ருகரிலிருந்து கன்னியாகுமரிக்கு வரும் விவேக் எக்ஸ்பிரஸோ 4,000 கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவை 70 மணி நேரத்துக்கும் மேலாக ஓடிக் கடக்கிறது. இத்தகைய நெடும்பயணங்களில் பொழுதைக் கழிக்கத் திரைப்படம் பார்ப்பது இன்று பெரும்பாலான குடும்பங்களின் வழக்கமாகிவிட்டது. ஆயினும் ரயில் நாக்பூரைத் தாண்டிச் சாத்பூரா மலைத்தொடருக்குள் புகுந்தவுடன் கைபேசிச் சிக்னல் தளர்கிறது. படம் நின்று நின்று ஓடுகிறது. குழந்தைகள் பொறுமை இழக்கின்றனர். கொங்கண் ரயில் பாதையில் செல்வோர் நிலை இன்னும் கடினம். சுமார் 740 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட சுரங்கங்கள் உள்ளன. அவற்றுள் ரத்னகிரிக்கு அருகிலுள்ள கர்புடே சுரங்கம் மட்டுமே ஏறத்தாழ ஆறரை கிலோமீட்டர் நீளம் கொண்டது.

இதற்குத் தீர்வு எளிது என்பதைப் பலரும் அறிவர். வீட்டில் இருக்கும்போதே படத்தை டேப்லெட்டில் பதிவிறக்கி வைத்துக்கொண்டால், வழியில் இணையமே தேவையில்லை. பலகைக் கணினி, கைப்பலகை எனத் தமிழில் இதற்குச் சில பெயர்கள் வழங்குகின்றன. கடையில் அனைவரும் டேப்லெட் என்றே கேட்டு வாங்குவதால் நாமும் அவ்வாறே குறிப்பிடுகிறோம். பதிவிறக்குவது எளிதாயினும், அதைச் சூழ்ந்துள்ள சில செய்திகள் பணத்தோடு தொடர்புடையவை. சந்தா எவ்வாறு கணக்கிலிருந்து கழிகிறது, இலவசம் என்று வரும் செயலிகள் எதைப் பறிக்கின்றன, சிக்னல் இல்லாத இடத்தில் வங்கியின் குறுஞ்செய்தி என்ன ஆகிறது ஆகியவற்றை வாடிக்கையாளர்கள் அறிந்திருப்பது நலம். முதலில் பதிவிறக்கத்தின் கணக்கைப் பார்ப்போம்.

ஒரு படத்துக்கு எவ்வளவு இடம்?

இணையத்தில் நேரடியாகப் படம் பார்க்கையில், செயலி அடுத்து வரவிருக்கும் சிறு பகுதியை மட்டுமே முன்கூட்டிப் பெற்று வைத்துக்கொள்கிறது. அந்தச் சேமிப்பு தீருமுன் சிக்னல் திரும்பாவிடில் படம் நின்றுவிடும். மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ரயிலில், கைபேசி ஒரு கோபுரத்தை விட்டு அடுத்ததற்கு ஓயாமல் மாறிக்கொண்டே இருக்கிறது. எனவே சிக்னல் கோடுகள் நிறைந்து தெரியும் இடத்திலும் வேகம் குறையக்கூடும். பதிவிறக்கிய படத்துக்கு இத்தொல்லை இல்லை. முழுக் கோப்பும் கருவியிலேயே இருக்கிறது.

அக்கோப்பின் அளவைக் கணிக்க ஒரு எளிய வாய்பாடு உண்டு. ஒரு வினாடிக்கு 1 மெகாபிட் என்னும் வீதத்தில் சுருக்கப்பட்ட படம், ஒரு மணி நேரத்துக்கு 450 எம்பி இடத்தை எடுக்கும். ஒரு வினாடிக்கு 10 இலட்சம் பிட், ஒரு மணிக்கு 3,600 வினாடி, எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட், கணக்கு அவ்வளவே. இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படம் ஒன்றை இந்தச் சாதாரணத் தரத்தில் பதிவிறக்கினால் ஏறத்தாழ 1,125 எம்பி ஆகும். அதே படத்தை வினாடிக்கு 3 மெகாபிட் என்னும் உயர்தரத்தில் எடுத்தால் 3.4 ஜிபி அளவுக்கு வரும். நாளொன்றுக்கு 1.5 ஜிபி அல்லது 2 ஜிபி வழங்கும் கைபேசித் திட்டத்தை வைத்திருப்போர், உயர்தரப் படம் ஒன்றைக்கூட ஒரே நாளில் இறக்க இயலாது என்பது இதனால் விளங்கும்.

பல குடும்பங்கள் ரயில் நிலைய வைஃபையை நம்பிப் புறப்படுகின்றன. 2016ஆம் ஆண்டு மும்பை சென்ட்ரலில் தொடங்கி இன்று ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்களுக்குப் பரவியுள்ள ரெயில்வயர் சேவை மிகவும் பாராட்டத்தக்கது. எனினும் அதன் இலவசப் பங்கு, நாளொன்றுக்கு 30 நிமிடம், வினாடிக்கு 1 மெகாபிட் வேகம் என்ற அளவில் அமைந்தது. மேற்சொன்ன வாய்பாட்டில் போட்டுப் பார்த்தால் 225 எம்பி கிடைக்கிறது. படத்தின் இடைவேளைக்குக்கூட அது எட்டாது. மின்னஞ்சல் பார்க்கவும், பயணச்சீட்டின் நிலையை அறியவும் அது போதும்; படம் இறக்க அது இடமன்று. அதோடு, எவரும் இணையக்கூடிய பொது வைஃபையில் வங்கிச் செயலியைத் திறக்கவோ அட்டை எண்ணை உள்ளிடவோ வேண்டாம் என்றே நாம் பரிந்துரைக்கிறோம். அதே பெயரில் வேறொருவர் போலி வைஃபை ஒன்றை அமைத்தால், அதைப் பார்வையால் பிரித்தறிய இயலாது.

64 ஜிபி எனப் பெட்டியில் அச்சிட்டிருந்தாலும், இயங்குதளமும் செயலிகளும் எடுத்துக்கொண்டதுபோக 40 ஜிபி அளவே நம் கைக்கு வருவதாகக் கொள்ளலாம். சாதாரணத் தரத்தில் 12 படங்களுக்கு 13.5 ஜிபி போதும். உயர்தரத்தில் அதே 12 படங்கள் 40 ஜிபியையும் விழுங்கிவிடும். பத்து அங்குலத் திரையில், கையெட்டும் தொலைவில் வைத்துப் பார்க்கையில், நடுத்தரம் கண்ணுக்கு நிறைவாகவே இருக்கும் என்பது நம் கருத்து. ஆன்ட்ராய்டு டேப்லெட்டுகள் பலவற்றில் மெமரி கார்டு செருகி, செயலியின் அமைப்புப் பகுதியில் பதிவிறக்க இடமாக அக்கார்டைத் தெரிவுசெய்யலாம். ஐபேடில் அந்த வசதி இல்லை. ஆதலால் வாங்கும்போதே போதிய இடமுள்ளதை வாங்க வேண்டும்.

எத்தனை படம் தேவை என்பதிலும் நிதானம் வேண்டும். இரவு பத்து மணிக்குப் புறப்பட்டு மறுநாள் இரவையும் ரயிலில் கழிக்கும் தில்லிப் பயணத்தில் விழித்திருக்கும் நேரம் ஒரே ஒரு பகல்தான். அதில் உணவு, உரையாடல், சன்னல் ஓரம் ஆகியவை போக மூன்று படங்களும் குழந்தைகளுக்குச் சில தொடர்ப் பகுதிகளும் இருந்தால் மிச்சமே. இருபது படம் ஏற்றிக்கொண்டு இரண்டை மட்டும் பார்த்துத் திரும்புவோரே அதிகம்!

தரத்தைப் பற்றி இன்னொரு குறிப்பு. சில மலிவான டேப்லெட்டுகளில் எவ்வளவு முயன்றாலும் உயர்தரப் படம் கிடைப்பதில்லை. திரை பழுது என்று பலர் எண்ணுகின்றனர், காரணம் அதுவன்று. ஆன்ட்ராய்டு கருவிகளில் படங்களைக் களவிலிருந்து காக்க வைட்வைன் என்னும் பூட்டு முறை பயன்படுகிறது. அதில் எல்1 என்னும் நிலை கருவியின் வன்பொருளிலேயே அமைந்த வலிய பூட்டு. எல்3 என்பது மென்பொருளில் மட்டும் அமைந்த எளிய பூட்டு. எல்3 மட்டுமே உள்ள கருவிக்கு ஓடிடி நிறுவனங்கள் பொதுவாக உயர்தரத்தை வழங்குவதில்லை. எனவே டேப்லெட் வாங்கும்போது திரையின் துல்லியத்தோடு எல்1 சான்று உள்ளதா என்றும் கடைக்காரரிடம் கேட்பது நன்று.

படம் நம்மிடம் இருந்தும் ஓடாதது ஏன்?

பதிவிறக்கிய படம் நமக்கு உரிமையானது என்று கருதுவது இயல்பு. உண்மையில் அது இரவல் புத்தகத்தைப் போன்றது. பூட்டிய கோப்பும், அதைக் குறிப்பிட்ட காலம் வரை திறக்க இசைவளிக்கும் மின்னுரிமமும் சேர்ந்தே கருவிக்கு வருகின்றன. உரிமக் காலம் முடிந்தால், கோப்பு அங்கேயே இருந்தும் படம் ஓடாது. இணையத்தில் மீண்டும் இணைந்து புதுப்பித்த பின்னரே ஓடும்.

இக்காலம் சேவைக்குச் சேவை, படத்துக்குப் படம் வேறுபடும். பதிவிறக்கிய நாளிலிருந்து ஒரு வாரம் அல்லது ஒரு மாதம் என்று சில அமைந்திருக்கும். பார்க்கத் தொடங்கியதிலிருந்து 48 மணி நேரம் என்று வேறு சில அமைந்திருக்கும். பயணிகளைப் பெரும்பாலும் ஏமாற்றுவது இந்த இரண்டாம் வகையே. செல்லும் வழியில் பாதி பார்த்து நிறுத்திய படத்தை, ஒரு வாரம் கழித்துத் திரும்பும் வழியில் தொடரலாம் என்று எண்ணியிருப்பார்கள். ரயில் நகர்ந்த பின் காலம் முடிந்தது என்ற அறிவிப்பு வரும். உறவினர் வீட்டிலிருந்து புறப்படும் நாளில், அங்குள்ள வைஃபையில் ஒருமுறை செயலியைத் திறந்து உரிமங்களைப் புதுப்பித்துக்கொண்டால் இது நேராது.

ஒரே சந்தாவில் எத்தனை கருவிகளில் பதிவிறக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. பழைய கைபேசியில் கிடக்கும் பதிவிறக்கங்களும் அக்கணக்கில் சேரும். ஆகவே புதிய டேப்லெட் மறுத்தால் முதலில் பழைய கருவியிலுள்ளவற்றை நீக்கிப் பார்க்க வேண்டும். வெளிநாடு செல்வோர் இன்னொன்றையும் கருத வேண்டும். படங்களின் உரிமை நாடு வாரியாக விற்கப்படுவதால், இந்தியாவில் இறக்கிய படம் வேறு நாட்டில் இணையத்தோடு இணைந்தவுடன் மறைந்துபோகலாம். விமானத்தில் பார்த்து முடித்துவிடுவதே உத்தமம்.

பல செயலிகளில் பதிவிறக்கும்போது தெரிவுசெய்த ஒலிமொழி மட்டுமே கோப்பில் வருகிறது. பாட்டிக்குத் தமிழ் ஒலியும் பேரனுக்கு ஆங்கிலத் துணைவரியும் வேண்டுமெனில் முன்னதாகவே தெரிவுசெய்ய வேண்டும். இவை அனைத்தையும் சோதிக்க ஒரே வழி உள்ளது. புறப்படுவதற்கு முந்தைய நாள் மாலை, டேப்லெட்டை விமானப் பயன்முறைக்கு மாற்றி, ஒவ்வொரு படத்தையும் அரை நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். 48 மணி நேர வகையைச் சார்ந்த படங்களுக்கு மட்டும் இச்சோதனை வேண்டாம். சோதனையே கடிகாரத்தைத் தொடங்கிவைத்துவிடும்.

சந்தாவும் கணக்கும்

இனி பணத்துக்கு வருவோம். பயணத்துக்காகவே ஒரு மாதச் சந்தா எடுப்போர் பலர். எடுப்பதற்கு முன், தங்கள் கைபேசி ரீசார்ஜ் திட்டத்திலோ வீட்டு இணையத் திட்டத்திலோ அச்சேவை ஏற்கெனவே சேர்ந்துள்ளதா என்று பார்க்க வேண்டும். சேர்ந்திருப்பது தெரியாமல் தனியே பணம் செலுத்துவது வீண். டேப்லெட்டில் மட்டும் பார்க்கப் போகிறவர்களுக்குக் குறைந்த விலைத் திட்டங்களும் உண்டு. நெட்ஃபிளிக்ஸ் 2019 ஜூலையில் கைபேசிக்கும் டேப்லெட்டுக்கும் மட்டுமான திட்டத்தை 199 ரூபாய்க்கு இந்தியாவில் அறிமுகம் செய்து, 2021 டிசம்பரில் 149 ரூபாயாகக் குறைத்தது. தொலைக்காட்சியில் பார்க்க இயலாது என்பதே அதன் எல்லை. பயணத்துக்கு அது குறையே அன்று.

சந்தாக்கள் தாமாகப் புதுப்பித்துக்கொள்ளும் இயல்புடையவை. இதில் வாடிக்கையாளரைக் காக்க இந்திய ரிசர்வ் வங்கி வகுத்த விதிகள் 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ளன. அவற்றின்படி, அட்டை அல்லது யுபிஐ வழியாகத் தொடர் கழிவுக்கு முதன்முறை இசைவளிக்கையில் ஓடிபி போன்ற கூடுதல் சரிபார்ப்பு கட்டாயம். பின்னர் ஒவ்வொரு முறை பணம் கழியும் முன்னரும், குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பாக, வாடிக்கையாளருக்கு அறிவிப்பு வர வேண்டும். யாருக்கு, எவ்வளவு, எந்நாளில் என்ற விவரங்கள் அதில் இருக்கும். அக்கழிவை மட்டுமோ, இசைவு முழுவதையுமோ விலக்கிக்கொள்ளவும் வழி இருக்க வேண்டும். 2022 ஜூன் முதல் 15,000 ரூபாய் வரையிலான இத்தகைய கழிவுகளுக்கு ஒவ்வொரு முறையும் ஓடிபி தேவையில்லை. திரைப்படச் சந்தாக்கள் பொதுவாக இவ்வரம்புக்குள் அடங்குவதால், அவை ஓசையின்றிக் கழியக்கூடியவை. வாடிக்கையாளருக்குக் கிடைக்கும் மணியோசை அந்த 24 மணி நேர முன்னறிவிப்பு ஒன்றே. விளம்பரக் குறுஞ்செய்திகளோடு சேர்த்து அதையும் படிக்காமல் நீக்குவோர் தம் காவலைத் தாமே கைவிடுகின்றனர்.

சந்தாவை நிறுத்துவதிலும் ஒரு பரவலான தவறான எண்ணம் உண்டு. டேப்லெட்டிலிருந்து செயலியை நீக்கினால் சந்தாவும் நின்றுவிடும் என்பதே அது. நிற்காது. இசைவு எங்கே அளிக்கப்பட்டதோ அங்கேயே அது விலக்கப்பட வேண்டும். கூகுள் பிளே அல்லது ஆப்பிள் கடை வழியாக எடுத்திருந்தால் அங்குள்ள சந்தாப் பகுதியில் நிறுத்த வேண்டும். யுபிஐ ஆட்டோபே வழியாக எடுத்திருந்தால் யுபிஐ செயலியின் ஆட்டோபே பகுதியில் நடப்பிலுள்ள இசைவுகள் அனைத்தையும் காணலாம், அங்கேயே நீக்கலாம். அட்டையில் அளித்த இசைவுகளைத் தங்கள் வங்கி காட்டும் பக்கத்தில் பார்த்து நீக்கலாம். ஒரு மாதத்துக்கு ஒரு ரூபாய், முதல் வாரம் இலவசம் என்னும் அறிவிப்புகளை ஏற்கும்போது, அடுத்து கழியப்போகும் தொகையும் நாளும் அதே திரையில் சிறிய எழுத்தில் இருக்கும். அதைப் படித்த பின்பே யுபிஐ பின் எண்ணை உள்ளிட வேண்டும்.

இலவசத்தின் விலை

புதிய படம் இலவசம் என்று வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ வரும் இணைப்புகளைப் பற்றி மிகுந்த அக்கறையோடு எழுத வேண்டியுள்ளது. அவ்விணைப்பைத் தொட்டால் படம் வருவதில்லை. ஏபிகே என்று முடியும் பெயருடைய ஒரு கோப்பு வருகிறது. அது செயலி. பிளே ஸ்டோரின் சோதனை எதையும் கடக்காமல் நேரே கருவிக்குள் நுழைவது. நிறுவும்போது குறுஞ்செய்திகளைப் படிக்கவும், திரையைக் காணவும், பிற செயலிகளின் மேல் தோன்றவும் இசைவு கேட்கும். படம் காட்டும் செயலிக்குக் குறுஞ்செய்தி எதற்கு? இந்த ஒரு கேள்வியை எழுப்பினாலே பாதி அபாயம் நீங்கிவிடும். குறுஞ்செய்தியைப் படிக்க இசைவு பெற்ற செயலி ஓடிபியையும் படிக்கும். பெற்றதை வேறிடத்துக்கு அனுப்பும்.

சிம் பொருத்திய டேப்லெட்டில் வங்கிச் செயலியும் இருக்குமானால் இது நேரடி இழப்பாக முடியக்கூடும். சிம் இல்லாத வைஃபை டேப்லெட்டில் குறுஞ்செய்தி வராது. ஆயினும் அதில் சேமித்துள்ள மின்னஞ்சலும் கடவுச்சொற்களும் களவுபோகலாம். ஆகையால், பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து செயலி நிறுவும் இசைவைக் கருவியின் அமைப்புப் பகுதியில் அணைத்தே வைத்திருக்க வேண்டும். இதில் சட்டத்தின் பக்கமும் உண்டு. திரையரங்கில் படத்தைக் களவாகப் பதிந்து பரப்புவோருக்கு மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், குறைந்தது மூன்று இலட்சம் ரூபாய் அபராதமும் விதிக்க 2023ஆம் ஆண்டின் ஒளிப்பதிவுத் திருத்தச் சட்டம் வழிவகுத்துள்ளது.

சிக்னல் இல்லாத நேரத்தில்

படம் தடையின்றி ஓட வேண்டும் என்று கைபேசியையும் டேப்லெட்டையும் விமானப் பயன்முறையில் வைத்துவிடுவோர் உண்டு. விமானத்தில் அது தேவை. ரயிலில் கைபேசிக்கு அது தேவையன்று. கணக்கில் ஏதேனும் நிகழ்ந்தால் வங்கி அனுப்பும் குறுஞ்செய்தி அந்நேரம் கைபேசியை அடையாது. சுரங்கத்தை விட்டு வெளிவந்ததும், அல்லது பயன்முறையை மாற்றியதும், தேங்கியிருந்த செய்திகள் ஒருசேர வந்து குவியும். அப்போது அவற்றைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். டேப்லெட் விமானப் பயன்முறையில் படம் காட்டட்டும். கைபேசி சாதாரண நிலையிலேயே இருக்கட்டும்.

தாம் செய்யாத கழிவு ஒன்றைக் கண்டால், ஊர் சேர்ந்த பின் கிளைக்குப் போய்ச் சொல்லலாம் என்று காத்திருக்கக் கூடாது. வங்கி, அட்டைதாரர் இருவர் மீதும் தவறின்றி, மூன்றாம் தரப்பால் நிகழ்ந்த இழப்பை, வங்கியின் அறிவிப்பு கிடைத்த மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை என 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. நான்கு முதல் ஏழு வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் பொறுப்பு ஓர் உச்சவரம்புக்கு உட்படும். அதற்கும் மேலானால் வங்கியின் கொள்கைப்படி முடிவாகும். ஓடிபியையோ பின் எண்ணையோ தாமே பகிர்ந்ததால் நேர்ந்த இழப்பெனில், வங்கிக்குத் தெரிவிக்கும் கணம் வரையிலான இழப்பு வாடிக்கையாளருடையது. அவ்வாணை அனைத்திலும் நேரமே அளவுகோல். எனவே வங்கியின் எண்ணையும், தேசிய இணையக் குற்ற உதவி எண்ணான 1930ஐயும் ஒரு தாளில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்வது நலம். கைபேசியே தொலைந்த நிலையில், அதற்குள் சேமித்த எண்ணால் என்ன பயன்?

மின்னேற்றம் பற்றிச் சுருங்கச் சொல்லலாம். பத்து அங்குல டேப்லெட் ஒன்று முழு மின்னேற்றத்தில் எட்டு முதல் பத்து மணி நேரம் வரை பதிவிறக்கிய படத்தைக் காட்டும். திரையின் ஒளியைக் குறைத்தால் இன்னும் நீடிக்கும். ரயில் பெட்டிகள் பலவற்றில் 110 வோல்ட் மின்சாரமே கிடைக்கிறது. 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்ட மின்னேற்றிகளுக்கு அது போதும். தீ விபத்தைத் தவிர்க்கும் பொருட்டு இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை பெட்டிகளின் மின்னேற்று முனைகளை அணைத்துவைக்க 2021இல் ரயில்வே முடிவு செய்தது. ஆகவே படுக்குமுன் மின்னேற்றிக்கொள்ள வேண்டும். நிலையங்களிலும் விமான நிலையங்களிலும் உள்ள யுஎஸ்பி துளைகளில் வடத்தை நேரே செருகுவதைத் தவிர்க்குமாறு ரிசர்வ் வங்கி 2022இல் வெளியிட்ட விழிப்புணர்வுக் கையேடு எச்சரிக்கிறது. அத்துளை வழியே மின்சாரத்தோடு தரவும் செல்ல இயலும் என்பதே காரணம். இவ்வகைத் திருட்டு உறுதிசெய்யப்பட்ட செய்திகள் மிகக் குறைவே. எனினும் சொந்த மின்னேற்றியைச் சுவர் முனையில் செருகுவதற்குக் கூடுதல் செலவு ஏதுமில்லை. விமானத்தில் பவர் பேங்கைக் கைப்பையில் மட்டுமே எடுத்துச்செல்ல வேண்டும். 100 வாட்-மணி வரை தனி இசைவு தேவையில்லை. 20,000 எம்ஏஹெச் பவர் பேங்க் சுமார் 74 வாட்-மணியே.

ரயிலில் காதணி ஒலிபெருக்கி இன்றிப் படம் பார்ப்பது பிறர் உறக்கத்தைக் கெடுக்கும். இதைத் தடுக்க 2022இல் ரயில்வே அறிவுறுத்தலும் வெளியிட்டுள்ளது. இருவர் சேர்ந்து பார்க்க, ஒரே டேப்லெட்டில் இரு காதணிகளை இணைக்கும் சிறு இணைப்பி குறைந்த விலையில் கிடைக்கிறது.

டேப்லெட் பெரும்பாலும் குழந்தைகளின் கையில் இருக்கும் கருவி; ரயிலிலோ பக்கத்து இருக்கைக் குழந்தையின் கைக்கும் போகும். ஆதலால் அதில் வங்கிச் செயலியை வைக்காதிருப்பதே பாதுகாப்பு. ஆன்ட்ராய்டில் திரையை ஒரே செயலியில் நிலைநிறுத்தும் வசதியும், ஐபேடில் கைடட் அக்சஸ் என்னும் வசதியும் உள்ளன. அவற்றை இயக்கிவிட்டால் குழந்தை படத்தை விட்டு வேறெங்கும் செல்ல இயலாது; விளையாட்டுச் செயலியில் தெரியாமல் பொருள் வாங்கவும் இயலாது. பிளே ஸ்டோரில் ஒவ்வொரு கொள்முதலுக்கும் கடவுச்சொல் கேட்குமாறு அமைப்பதும் அவசியம்.

கருவி தொலைந்தால் செய்ய வேண்டியது கருவியின் வகையைப் பொறுத்தது. சிம் பொருத்தும் டேப்லெட்டுக்கு ஐஎம்இஐ எண் உண்டு. 2023 மே முதல் நாடு முழுவதும் செயல்படும் சஞ்சார் சாத்தி தளத்தில், காவல்துறைப் புகாரின் நகலோடு அவ்வெண்ணைத் தெரிவித்தால், எந்த நிறுவனத்தின் சிம்மிலும் அக்கருவி இயங்காதவாறு முடக்கலாம். வைஃபை டேப்லெட்டுக்கு இவ்வழி இல்லை. கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கின் வழியே தொலைவிலிருந்து பூட்டலாம், அழிக்கலாம். ஆனால் அது இணையத்தோடு இணையும்போதே அக்கட்டளை சென்று சேரும். திரைப்பூட்டு இல்லாமல் டேப்லெட்டைப் பயணத்தில் கொண்டுசெல்லக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். ஐஎம்இஐ எண்ணைப் பெட்டியிலிருந்தோ ரசீதிலிருந்தோ குறித்து வீட்டில் வைத்துச் செல்ல வேண்டும்.

பயணத்துக்கென்று எடுத்த மாதச் சந்தாவை ஊர் திரும்பிய பின் நிறுத்த எண்ணுவோர், அடுத்த கழிவு நாளுக்கு இரண்டு நாள் முன்பே நிறுத்திவிடுவது ஏற்றது. பெரும்பாலான சேவைகளில், நிறுத்திய பின்னும் செலுத்திய காலம் முடியும் வரை படம் பார்க்கலாம். காலம் முடிந்ததும் பதிவிறக்கிய படங்கள் இயங்காமல் போகும். அவை பிடித்திருந்த இடம் சில செயலிகளில் தானாக விடுபடுவதில்லை. செயலியின் பதிவிறக்கப் பகுதிக்குச் சென்று நாமே நீக்க வேண்டும்.